ஒரே மழையை மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறோம். பொது நியமத்துக்கு எப்படி வருவது?

வெல்லாவெளிப்பிள்ளை (கேள்வி)

வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம். மழை, வெயில், மண், விதைப்பு நாள் இவற்றைக் கொடுத்தால் நெல் எவ்வளவு விளையும் என்று கணிக்கும் பயிர் மாதிரியுருவில் எம்.ஃபில் செய்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் இதே வேலையைச் செய்த அண்ணா படிப்பை முடித்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். நல்ல மனம் அவருக்கு. போகும்போது எல்லாக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்துவிட்டுத்தான் போனார். பதினொரு எக்செல் தாள்கள். முதல் தாளில் தினசரி வானிலை, தலைப்பில் டீ1, டீ2, ஆர் என்று மூன்று நிரல்கள். டீ1, டீ2 வெப்பநிலை என்பது பார்த்ததும் விளங்கியது. ஆர் என்றால் ரெயின், மழை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் அதை வைத்தே ஓட்டினேன். விளைச்சல் தாறுமாறாக வந்தது. மண்ணைச் சந்தேகப்பட்டேன், பசளை அளவைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் இரவு அந்த நிரலில் 2011 ஜனவரிக்குப் போனேன். அந்த வெள்ளத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் குசினிக்குள் தண்ணீர் நின்றது. அப்பாவின் வேளாண்மை கதிர் தள்ளும் நேரத்தில் ஒரு கிழமைக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது. ஆனால் அந்த நிரலில் அந்தக் கிழமை முழுக்க 8, 9, 7 என்று இருந்தது. அப்படியே கீழே ஜூலைக்கு இறங்கினேன். சிறுபோகத்தில் வரம்பு வெடித்துக் கிடக்கும் ஜூலையில் 20, 21, 20. அந்த இடத்தில்தான் பிடிபட்டது. ஆர் என்பது மழை இல்லை, சூரியக் கதிர்வீச்சு. வானம் மூடிக் கிடந்த கிழமையில் குறைவு, வெயில் எறித்த மாதத்தில் அதிகம்.

மழை வேறொரு தாளில் வேறொரு பெயரில் இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். பதிவு கிடைக்காத நாட்களுக்கெல்லாம் 0 போட்டிருந்தது. ஓர் ஆண்டின் நவம்பர் முழுக்க 0. மட்டக்களப்பில் நவம்பர் மாரி என்பது எங்களுக்குத் தெரியும், மாதிரியுருவுக்குத் தெரியாது. அது அந்த 0களை நம்பிப் பயிரைக் காயவைத்துவிட்டது.

அண்ணாவைக் குறை சொல்லவில்லை. அவர் தலைக்குள் எல்லாம் தெளிவாக இருந்திருக்கும். தலையை அவர் கொண்டுபோய்விட்டார், எண்கள் மட்டும் இங்கே இருக்கின்றன. எங்கள் பகுதியில் படித்தவர்களில் எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள் என்று நினைத்தால், இது ஒரு பென்டிரைவோடு முடிகிற கதை இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நான் நெல். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா முந்தனையாற்று வெள்ளமும் வாவி நீர்மட்டமும் பார்க்கிறார். ஓர் அக்கா டெங்கு பார்க்கிறார். மூன்று பேருக்கும் மழைதான் அடிப்படை. ஒரே நிலையத்தின் மழையைத்தான் மூவரும் வைத்திருக்கிறோம். ஒருமுறை என் தாளையும் வெள்ள அண்ணாவின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லா எண்ணும் ஒன்றுதான், ஆனால் ஒரு நாள் தள்ளி நின்றன. மழைமானியைக் காலை 8.30க்கு அளக்கிறார்கள். செவ்வாய் காலை அளந்த மழை பெரும்பாலும் திங்கட்கிழமை பகலும் இரவும் பெய்தது. அவர் அதைச் செவ்வாயில் எழுதியிருக்கிறார். என் தாளில் அது திங்களில் இருக்கிறது. நெல்லுக்கு ஒரு நாள் பெரிய விசயமில்லை. குளம் எப்போது வான் பாயும் (நிரம்பி வழியும்) என்று பார்ப்பவருக்கு ஒரு நாள்தான் எல்லாமே.

பயிர் மாதிரியுருக்களுக்கு ஐகாசா என்றொரு பொதுச் சொற்றொகுதி இருக்கிறது. எந்த மாறிக்கு என்ன பெயர், என்ன அலகு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் ஓட்டுவது போன்ற பயிர் மாதிரியுருக்கள் உள்ள டிசாட் மென்பொருளில் வானிலைக் கோப்புக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. அதில் பதிவில்லாத நாளுக்கு -99 போடவேண்டும், 0 போடக்கூடாது. நாங்கள் மூவரும் இப்படி ஏதாவது ஒரு திறந்த நியமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒரே எழுதும் முறையில், எழுதினால் என்ன, மாதிரியுருக்களையும் மற்றவர் எடுத்து ஓட்டக்கூடியபடி வைத்தால் என்ன என்று கேட்டேன். "மூன்று பேருக்கு எதற்கு நியமம்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை. இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

---

மதகடி (பதில்)

அஸ்ஸலாமு அலைக்கும் மகள். நான் சம்மாந்துறை. நீர்ப்பாசன வேலையில் முப்பது வருசத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். மாதிரியுரு எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் சொல்லும் நோயை எனக்குத் தெரியும்.

எங்கள் பழைய பதிவேடுகள் முழுக்க ஏக்கர் அடி. பிறகு வந்த பிள்ளைகள் மில்லியன் கன மீட்டரில் எழுதினார்கள். எங்கள் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. கன மீட்டரில் 950 மில்லியன். இரண்டையும் கலந்து, அலகு எழுதாமல் ஒரே பக்கத்தில் போட்ட ஏடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காலத்து ஆள் பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். அவர் மௌத்தாகிவிட்டால் யாரைக் கேட்பது?

சிரித்துவிட்டுப் போனவரை நீங்கள் கோபிக்க வேண்டாம். அவருக்கு ஒரு பயம் இருக்கலாம். நான் வேலையில் இருந்த காலத்தில் வெளியிலிருந்து ஒரு குழு வந்து எங்கள் மதகுப் பதிவுகளையும் மழைப் பதிவுகளையும் கேட்டது. பெட்டியில் இருந்ததை எடுத்துத் தூசி தட்டி, மூன்று நாள் நின்று போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தோம். இரண்டு வருசத்துக்குப் பிறகு கட்டுரை வந்தது. அளந்தவன் பெயரும் இல்லை, கொடுத்தவன் பெயரும் இல்லை, அந்தக் கட்டுரையின் ஒரு பிரதிகூட எங்களுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் எங்கள் ஆட்கள் "மேலே எழுதிக் கேளுங்கள்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அதனால் முதலில் பெயர் விசயத்தைப் பேசி முடியுங்கள். எந்தத் தரவை யார் அளந்தார், யார் தட்டச்சு செய்தார், எடுத்துப் பாவிப்பவர் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் பாருங்கள். அது முடிந்தால் அலகும் நிரலும் தானாக வரும்.

இன்னொன்று. வேளாண்மை தொடங்க முன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு அப்பாவோடு போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் எதைத் தீர்மானிக்கிறோம்? எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எப்போது தண்ணீரை நிற்பாட்டுவது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது. அவ்வளவுதான். உன் வரவைக்குள் எத்தனை தரம் உழுவாய், எத்தனை மூடை பசளை போடுவாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வாய்க்கால்தான் பொது. உங்கள் சகோதரர்களுக்கும் அப்படியே சொல்லுங்கள். அவர்களுடைய மாதிரியுருவுக்குள் யாரும் கால் வைக்கப் போவதில்லை, வாய்க்காலைப் பற்றி மட்டும்தான் பேச்சு என்று.

---

களுதாவளைத்தம்பி (பதில்)

அக்கா, மதகடி ஐயா சொன்ன வாய்க்கால் உவமானத்துக்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நான் இப்போது இருக்கிற துறையில் இது எப்படி நடந்தது என்று சொன்னால் உங்கள் நண்பர்களிடம் பேச உதவும்.

நான் வேலை செய்வது உயிரணுவுக்குள் நடக்கும் தாக்கங்களின் மாதிரியுருக்களில். 2000ஆம் ஆண்டளவில் இந்தத் துறையில் இ-செல், கெபாசி, ஜார்னாக், வர்ச்சுவல் செல் என்று ஏழெட்டு மென்பொருட்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வடிவம். ஒன்றில் எழுதிய மாதிரியுருவை மற்றதில் ஓட்ட வேண்டுமென்றால் கட்டுரையைப் பார்த்துச் சமன்பாடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டும். அந்த மென்பொருட்களை எழுதியவர்களைக் கலிபோர்னியாவில் கால்டெக்கில் ஓர் அறையில் கூட்டினார்கள். யாருடைய மென்பொருளையும் கைவிடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வாசிக்கவும் எழுதவும் கூடிய ஒரு பொதுவடிவத்தை மட்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2001இல் அதன் முதல் பதிப்பு வந்தது. அதுதான் எஸ்.பி.எம்.எல். 2003இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தபோது முதற்பெயர் மைக்கேல் ஹக்காவுடையது, பின்னால் ஒரு பெரிய பெயர்ப்பட்டியல். போட்டி மென்பொருட்களின் சொந்தக்காரர்களும் அதே பட்டியலில் இருந்தார்கள். ஐயா சொன்ன பெயர் விசயம் அங்கேயும் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

2005இல் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பயோமொடல்ஸ் என்ற திறந்த களஞ்சியம். அதில் ஒரு மாதிரியுருவைச் சரிபார்த்ததாக ஏற்க முன், அங்குள்ளவர்கள் அதை ஓட்டி, கட்டுரையில் உள்ள வரைபடம் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். மற்றது மிரியம் என்ற வழிகாட்டி. ஒரு மாதிரியுருவோடு குறைந்தது என்னென்ன தகவல் எழுதப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. 2010இலிருந்து இந்த நியமங்களை வளர்ப்பவர்கள் எல்லோரும் கொம்பைன் என்ற பெயரில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள்.

"மூன்று பேருக்கு எதற்கு" என்று கேட்பவரிடம் ஓர் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். 2021இல் ஒரு குழு, வெளியான 455 மாதிரியுருக்களை எடுத்து, கட்டுரையில் உள்ள தகவலை மட்டும் வைத்துத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. ஏறத்தாழ பாதி, 49 விழுக்காடு, வரவில்லை. பிழையைத் தேடித் திருத்தியும் எழுதியவர்களைத் தொடர்புகொண்டும் இன்னும் 12 விழுக்காட்டை மீட்டார்கள். மற்றவை மீளவேயில்லை. அலகு விடுபட்டது, ஒரு மாறிலியின் பெறுமானம் எழுதப்படாதது, ஒரு சமன்பாட்டில் குறி மாறியது, இப்படிச் சின்னச் சின்னக் காரணங்கள். இவர்கள் எல்லாம் வசதியான ஆய்வுகூடங்களில் இருப்பவர்கள். உங்கள் அண்ணாவின் ஆர் நிரல் படுவான்கரையில் மட்டும் நடக்கிற கதையில்லை அக்கா, மனம் தளராதீர்கள்.

உங்கள் துறையிலும் இது நடந்திருக்கிறது. 2010இல் தொடங்கிய அக்மிப் என்ற கூட்டு முயற்சியில் உலகின் பயிர் மாதிரியுருக் குழுக்கள் ஒரே தரவை எடுத்து அவரவர் மாதிரியுருவில் ஓட்டிப் பார்த்தன. கோதுமைக்கு 27 மாதிரியுருக்கள், 2013இல் வெளிவந்தது. நெல்லுக்கு 13, 2015இல். நெல்லில் எந்த ஒரு மாதிரியுருவும் எல்லா இடத்திலும் சரியாக வரவில்லை, எல்லாவற்றின் சராசரிதான் அவதானித்த விளைச்சலுக்குக் கிட்ட வந்தது. தரவு ஒரு பொதுவடிவத்தில் இருந்தபடியால்தான் அதைச் செய்ய முடிந்தது. அந்த நெல் ஆய்வின் நான்கு இடங்கள் பிலிப்பைன்ஸ், இந்தியா, சீனா, ஜப்பான். எங்கள் வயல் ஒன்றும் இல்லை. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய பிஜி 94-1 நெல் இனத்தை மூன்றரை மாதத்தில் வெட்டி எடுக்கிற, மாரி மழையும் குளத்துத் தண்ணீரும் கலந்து பாய்கிற ஒரு கிழக்கு மாகாண வயல் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். இருக்கக்கூடிய வடிவத்தில் தரவு இருந்தால் அடுத்த பட்டியலில் சேரும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

ஒரு விசயம் கவனியுங்கள், நான் இதில் அடிபட்டிருக்கிறேன். டிசாட் தரும் நெல் விளைச்சல் முழுக்க உலர்ந்த எடை. நாங்கள் பேசுவது 14 விழுக்காடு ஈரத்தோடு. மாதிரியுருவில் ஹெக்டேருக்கு 5000 கிலோ என்றால் அது களத்து நெல்லில் 5800க்கு மேல். இதை எழுதாமல் விட்டால் மாதிரியுரு குறைவாகக் கணிக்கிறது என்று அநியாயமாகப் பழி போடுவோம்.

---

ஏறாவூர் மிஸ் (பதில்)

நான் இந்த யோசனைக்கு எதிரி இல்லை, ஆனால் இரண்டு விசயம் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நானும் டெங்குத் தரவோடு வேலை செய்கிறேன், பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டு.

முதலாவது, நேரம். ஒரு நிரலுக்கு ஒழுங்கான விளக்கம் எழுத அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்துக்கு யாரும் பதவி உயர்வு தருவதில்லை. கட்டுரையைத்தான் எண்ணுகிறார்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் ஒதுங்குவது கெட்ட மனதால் அல்ல, நாளில் மணித்தியாலம் போதாமையால். தங்கச்சி, நீங்கள் கேட்கும்போது "எல்லாவற்றையும் மாற்றுங்கள்" என்று கேட்டீர்களா, "இந்த மழைத் தாளை மட்டும்" என்று கேட்டீர்களா? அதைப் பொறுத்துத்தான் பதில் வரும். செனோடோ என்ற திறந்த இணையக் களஞ்சியத்தில் தரவுத் தொகுதியை ஏற்றினால் அதற்கு நிலையான அடையாள எண் இலவசமாகக் கிடைக்கும். அந்த எண்ணைக் காட்டி மற்றவர் மேற்கோள் காட்டலாம், சுயவிபரக் கோவையிலும் போடலாம். அதையும் சொல்லுங்கள், அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒரு கூலி இருக்கிறது என்று தெரியட்டும்.

இரண்டாவது, டெங்கு மழை மாதிரி இல்லை. என்னிடம் இருப்பது மனிதர்கள். எந்த வீதியில் எந்த வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பட்டியலைத் திறந்து வைக்க முடியாது, வைக்கவும் மாட்டேன். மாதிரியுருவைத் திறந்து வைப்பது வேறு, நோயாளியைத் திறந்து வைப்பது வேறு. சமன்பாடு, மாறிகளின் பெயர், அலகு, காலப்படி (நாள் நாளாகவா, வாரம் வாரமாகவா என்பது) எல்லாவற்றையும் வெளியில் வைக்கலாம். எண்ணிக்கையை, தொற்றுநோயியல் பிரிவு தன் வாராந்த அறிக்கையில் வெளியிடுகிற அளவுக்குக் கூட்டி வைக்கலாம். இதை முதல் பக்கத்திலேயே எழுதினால் உங்கள் டெங்கு அக்கா பாதிப் பயத்தை விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

கூட்டுகிற இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த வாராந்த அறிக்கையில் கல்முனை தனி வரி, அம்பாறை தனி வரி. சுகாதார நிர்வாகம் அப்படித்தான் பிரிந்திருக்கிறது. ஆனால் விவசாயப் புள்ளிவிபரத்தில் கல்முனை, சம்மாந்துறை எல்லாம் அம்பாறை மாவட்டத்துக்குள். ஒருவர் "அம்பாறை" என்று எழுதும்போது கரையோரம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இதைப் பார்க்காமல் மழையையும் டெங்கையும் இணைத்த ஒரு வேலையைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். கரையோரத்து நோயாளிகள் இல்லாத அம்பாறைக்கு, கரையோரத்து மழையைக் கொடுத்திருந்தார்கள். மாணவர் பாவம், நான்கு மாத உழைப்பு. இடத்தின் பெயரும் ஓர் அலகு மாதிரித்தான், அதற்கும் விளக்கம் வேண்டும். வாரமும் அப்படியே, எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்று எழுதாத வாரம் எனக்குப் பிரயோசனமில்லை.

---

வெல்லாவெளிப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. மிஸ் கேட்டது நெஞ்சில் பட்டது. நான் "எல்லாவற்றையும்" என்றுதான் கேட்டிருந்தேன். ஐகாசாவின் முழுப் பட்டியலையும் அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பார்த்ததும் யாருக்கும் ஓடத்தான் தோன்றும்.

இந்த முறை மழையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம். மேலே ஐயா சொன்னபடி யார் அளந்தது, யார் தட்டச்சு செய்தது, எப்படிக் குறிப்பிடுவது. கீழே சில வரிகள்: அலகு மில்லிமீட்டர். காலை 8.30க்கு அளந்த மழையை அளந்த நாளின் திகதியிலேயே எழுதுவது, முந்திய நாளுக்கு நகர்த்த வேண்டியவர் தன் மாதிரியுருவுக்குள் நகர்த்துவது. பதிவில்லை என்றால் -99. பெய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 0. நிலையத்தின் பெயரோடு அகலாங்கு, நெட்டாங்கு. அவ்வளவுதான்.

8.30 வரியில்தான் நேரம் போனது. முக்கால் மணித்தியாலம். வெள்ள அண்ணா தன் முறையை விடவில்லை, நானும் என் முறையை விடவில்லை. கடைசியில் அளப்பவர் ஏட்டில் எப்படி எழுதுகிறாரோ அப்படியே வைப்போம் என்று முடித்தோம். அவர் வழி வென்றது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சுகம். டெங்கு அக்கா ஒன்றும் பேசாமல் இருந்தவர், மிஸ் எழுதியதை நான் வாசித்துக் காட்டியதும் "நோயாளி விபரம் வெளியே போகாது என்று எழுதினால் நான் வருகிறேன்" என்றார். அங்கேயே எழுதினோம்.

பிறகு ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். வெள்ள அண்ணாவே கேட்டார், எங்கள் மூன்று மாதிரியுருக்களையும் ஒன்றையொன்று தொட்டு ஓட்ட முடியுமா என்று. குளம் வான் பாய்ந்தால் வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று அவருடையது சொல்லும், அதை என்னுடையது வாங்கினால் நெல் என்னவாகும் என்று பார்க்கலாம். 2011க்கு அதைச் செய்து பார்க்க அவருக்கும் ஆசை. போன மாதம் சிரித்துவிட்டுப் போனவர் இவர்.

---

களுதாவளைத்தம்பி

அக்கா, அதற்கும் ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது, புதிதாக வெட்ட வேண்டாம். கொலராடோவில் உள்ள சி.எஸ்.டி.எம்.எஸ் என்ற குழு, நிலம், ஆறு, கரையோரம் பற்றிய மாதிரியுருக்களை இணைக்க பி.எம்.ஐ என்றொரு இடைமுகத்தை வைத்திருக்கிறது. சாரம் எளிமையானது. ஒவ்வொரு மாதிரியுருவும் வெளியிலிருந்து வரும் சில கட்டளைகளுக்குப் பதில் சொல்லவேண்டும்: தொடங்கு, ஒரு காலப்படி நகர், இந்த மாறியின் பெறுமானத்தைத் தா, இந்த மாறிக்கு இதை வை, முடி. உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று மற்றவருக்குத் தெரியத் தேவையில்லை. ஐயாவின் வரவையும் வாய்க்காலும் இதுதான்.

ஆனால் இப்போது அதைத் தொடாதீர்கள். மழைத் தாள் முதலில் முழுமையாகட்டும். கோப்புகளைச் சேர்ந்து திருத்தி வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியம் திறந்து அந்த ஒரு பக்கத்தையும் தாளையும் போடுங்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று அது எழுதி வைத்துக்கொள்ளும். நான் இங்கே இருந்தபடி பிழை பார்க்கிறேன். நானும் ஊரை விட்டு வந்த ஒருவன்தான், என்னால் முடிந்த வழி இது.

---

வெல்லாவெளிப்பிள்ளை

களஞ்சியம் திறந்தாயிற்று தம்பி. அடுத்ததாக விளைச்சல் தாளைத் தொடங்கியிருக்கிறேன், அது மழையைவிடக் கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா எங்கள் வயற்கண்டத்தில் வட்டை விதானையாக, அதாவது தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவராக, இருந்தவர். அவரிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது, நீல மட்டை, முதுகில் துணி ஒட்டியது. ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு பக்கம். மதகு திறந்த திகதி, விதைத்த நெல், முறைத்தண்ணீர் வந்த நாட்கள், வெட்டின நாள், யார் யாருக்கு எத்தனை மூடை. 2011க்கான பக்கத்தில் விளைச்சல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும். நான் அதற்கு 0 போடுவதா, -99 போடுவதா என்று அவரிடமே கேட்டேன். "வெட்டப் போகவில்லை, வெட்ட ஒன்றும் இருக்கவில்லை" என்றார். அப்படியானால் 0. உண்மையான 0. குறிப்பு நிரலில் அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன்.

பிறகு மூடையைக் கிலோவாக்க வேண்டும். ஐகாசாவில் ஹெக்டேருக்கு கிலோ. புசலில் எழுதியிருந்தால் எனக்குச் சுலபம், ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ, ஏக்கருக்கு 100 புசல் என்றால் ஹெக்டேருக்கு ஐந்து தொன்னுக்குச் சற்று மேல். மூடைக்கு அப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை. "அப்பா, ஒரு மூடை எத்தனை கிலோ" என்றேன்.

கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எந்த வருசத்து மூடை?" என்று திருப்பிக் கேட்டார்.

இருட்டும் வரை இருந்தோம். எந்தப் போகம் வரை எந்தச் சாக்கு, எந்த யாவாரி வந்த பிறகு சாக்கு பெரிதானது, எந்த வருசம் ஈர நெல்லாகவே களத்தில் நிறுத்துக் கொடுத்தது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னும் பதினாறு பக்கம் இருக்கிறது. நாளைக்கும் உட்காருகிறோம்.

---

மதகடி

மகள், அல்லாஹ் உங்கள் வாப்பாவுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்தப் பக்கங்களை முடிக்கும் வரை வேறு வேலை ஒன்றும் எடுக்காதீர்கள்.

என்னிடமும் இரண்டு கொப்பி இருக்கிறது, சொந்தமாக எழுதியவை, அலுவலகத்துடையவை அல்ல. ஒன்று ஏக்கர் அடியில், மற்றது அரைவாசியில் கன மீட்டருக்கு மாறுகிறது. எங்கே மாறியது என்று எனக்குத் தெரியும். களுவாஞ்சிகுடிக்கு ஒரு சனிக்கிழமை வருகிறேன், அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதவேண்டும் என்று காட்டித் தாருங்கள்.